சல்வாரோவுக்கு எதிராக ஒரு கோல்

சல்வாரோ, 26 ஜூன் 1979

எர்மெஸ்,

‘அன்புள்ள தம்பி’ என்று எழுதி அடித்துவிட்டேன். அடித்தது உன் கண்ணில் படட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் ஸ்டேடியத்தில் கடல் பக்கத்து வரிசையில் இருந்தோம். டிரா ஆனாலே போதும், நம் ஊர் பி பிரிவில் தங்கியிருக்கும். உன் மொந்தேரெனோவுக்கு அந்த ஆட்டத்தில் ஏற வழியும் இல்லை, இறங்கிவிடுவோம் என்ற பயமும் இல்லை. எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் கார்னர் வந்தது. நீ எம்பினாய். வலை ஆடியதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு என் காதில் எதுவும் விழவில்லை. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நீ எங்கள் பக்கமாகவே ஓடி வந்தாய். ஓடுவதற்கு வேறு பக்கமே இல்லையா?

படி இறங்கும்போது அப்பாவின் கோட்டில் யாரோ துப்பினார்கள். அப்பா துடைக்கவில்லை. வீடு வரைக்கும் அப்படியே நடந்து வந்தார். நேற்று கதவுக் கைப்பிடியில் அழுகின மீன் தொங்கியது. கறிக்கடையில் நின்றால், “மொந்தேரெனோவுல நல்ல கறி கிடைக்குமாமே, அங்க போய் வாங்கிக்கங்க” என்கிறான். பதினேழு வயதில் நம் ஊர் ஜெர்சியில் நீ நிற்கும் படத்தை பாரில் காபி மெஷினுக்கு மேலிருந்து எடுத்துவிட்டார்கள்.

ஜிலார்தோனி என்ன சொல்லிவந்தார் என்று உனக்குத் தெரியும். கிளப்புக்கும் அவர்தான் தலைவர், நான் தைக்கிற செருப்பு ஃபாக்டரிக்கும் அவர்தான் முதலாளி. கிளப் விழுந்தால் தையல் பிரிவை மூடிவிடுவேன் என்று குளிர்காலம் முழுக்கச் சொன்னார். இப்போது கிளப் விழுந்துவிட்டது. உன் அத்தான் பாடு அதைவிட மோசம். வீரர்களின் காலுக்குத் தைலம் தேய்க்கிற வேலை சி பிரிவுக் கிளப்பில் யாருக்கு வேண்டும்?

ஆகஸ்ட் விடுமுறைக்கு இங்கே வராதே. உன்மேல் உள்ள கோபத்தில் மட்டும் சொல்லவில்லை, உன்னை அடித்துவிடுவார்கள் என்றும்தான் சொல்கிறேன்.

நீவெஸ்

*

மொந்தேரெனோ, 3 ஜூலை 1979

அன்புள்ள அக்கா,

நான் அடிக்கவில்லை அந்த வார்த்தையை.

கை தூக்கியது உண்மை. உங்கள் பக்கம் ஓடியதும் உண்மை. அதற்கு மன்னித்துவிடு. அப்பாவிடமும் சொல். கோலுக்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. ஆட்டம் முழுக்க எவனோ ஒருவன் என் ஜெர்சியைப் பிடித்து இழுத்தபடி, கணுக்காலில் உதைத்தபடி, காதுக்குள் அம்மாவைத் திட்டியபடி ஒட்டிக்கொண்டே வருவான். பந்து வராது. வராத பந்துக்காக ஓட வேண்டும், திரும்பி வர வேண்டும், மறுபடி ஓட வேண்டும். பிறகு ஒரே ஒரு முறை வரும். அப்போது எந்த ஊர், யார் வேலை, எவன் முதலாளி என்றெல்லாம் நெற்றிக்குத் தெரியாது. பத்தொன்பது வயதில் நம் ஊர்க் கிளப் என்னை விற்றதிலிருந்து சேற்றிலும் பனியிலும் நான் கற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான். அதை விட்டால் என்னிடம் வேறு தொழில் இல்லை.

ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அத்தான் எங்கள் ஹோட்டலுக்கு வந்தார். நீ பொரித்துக் கொடுத்த ஒலிவ் காய்களைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கறி அடைத்தது, எனக்குப் பிடித்தது.

“சாப்பிடு, சாப்பிடு, ஆறிடப்போவுது. அக்கா உனக்குன்னே நின்னு பண்ணினா” என்றார். வாய் நிறையத் தின்றேன். அப்புறம் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

“நாளைக்கு உனக்கு லேசா கால் வழுக்கினா யாருக்கு என்ன நட்டம்?”

“அத்தான், யாரு அனுப்பினது உங்கள?”

“யாரும் அனுப்பல. குடும்பம் அனுப்புச்சு.”

“நம்ம குடும்பத்துல ஜிலார்தோனி எப்பலேருந்து சேந்தாரு?”

அவர் சிரித்தார். நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். “போங்க அத்தான். நீங்க வரவும் இல்ல, நான் கேக்கவும் இல்ல” என்றேன். போய்விட்டார்.

என் கோச்சிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த ஒலிவ்களைப் பொரிக்கும்போது உனக்குத் தெரியுமா?

எர்மெஸ்

*

சல்வாரோ, 15 ஜூலை 1979

எர்மெஸ்,

தெரியும்.

‘நான் எப்படிப் போய்க் கேட்பேன்’ என்று உன் அத்தான் ஒரெஸ்தே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். “வெறுங்கையோட போகாதீங்க, இருங்க” என்று எண்ணெய்ச் சட்டியை வைத்தது நான்தான். வேறு யாரோ ஒருவனிடம் கேட்கப் போனது போல நீ எழுதியிருக்கிறாய். உன்னிடம்தானே கேட்டோம். தம்பியிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது?

நீ கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. நல்லவனாக இருக்க உனக்கு வசதி இருந்தது. எனக்கு இல்லை.

உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். இப்படிப்பட்டதை இனிமேல் எழுதாதே.

நீவெஸ்

*

மொந்தேரெனோ, 28 ஏப்ரல் 1980

அக்கா,

இத்தனை மாதமாக எழுதவில்லை. இப்போதும் எழுத ஆசைப்பட்டு எழுதவில்லை, எழுத வேண்டியதாகிவிட்டது.

போன மாதம் மைதானங்களின் வாசலில் போலீஸ் வண்டிகள் காத்திருந்து, ஆட்டம் முடிந்து வந்தவர்களை அப்படியே ஏற்றிக்கொண்டு போனதை டிவியில் பார்த்திருப்பாய். பந்தயம் கட்டி ஆட்டங்களை விற்ற விஷயம். நம்முடையது அதில் இல்லை. ஆனால் அதிலிருந்து கால்பந்து சம்மேளனம் பழைய ஆட்டங்களை எல்லாம் கிளறுகிறது. பருவத்தின் கடைசி நாளில் நடந்த ஆட்டம் என்றாலே அவர்களுக்குச் சந்தேகம்.

என்னை மிலானுக்குக் கூப்பிட்டார்கள். விசாரணை அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். “அந்த ஆட்டத்துக்கு முன்னாடி யாராவது உங்கள வந்து பாத்தாங்களா?” என்றார். “என் அத்தான் வந்தாரு. அப்பாவோட முழங்கால் வலியப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்” என்றேன். எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன்.

அத்தானைக் கூப்பிட்டால் இதையே சொல்லச் சொல். அப்பாவின் முழங்கால். வேறொன்றும் இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. இந்தப் பருவத்தில் எனக்கு எல்லாமே வலைக்குள் போகிறது. ஏ பிரிவுக் கிளப் ஒன்று என்னைக் கேட்டிருக்கிறது. பெயரை எழுதினால் கைநழுவிவிடும் என்று பயம், எழுதமாட்டேன். இருபத்தெட்டு வயதில் ஒரு ஸ்ட்ரைக்கரை யாரும் கேட்கமாட்டார்கள் அக்கா. என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஜூலையில் கையெழுத்து.

எர்மெஸ்

*

சல்வாரோ, 9 ஜூலை 1980

தம்பி,

ஒரெஸ்தே சொல்லிவிட்டார்.

இதை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் காலையிலிருந்து மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கிளப் கணக்குப் பார்த்த ஆள் ஒருவன் ஜிலார்தோனியோடு சண்டை போட்டுக்கொண்டு, சம்மேளனத்துக்கு ஒரெஸ்தே பெயரை எழுதிப் போட்டுவிட்டான். இவரைக் கூப்பிட்டார்கள். முழங்கால் கதையைத்தான் சொல்ல வேண்டும் என்று ரயில் ஏறும் வரை சொல்லி அனுப்பினேன். அங்கே, “உண்மையச் சொன்னா தண்டனை குறையும்” என்றார்களாம்.

திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு நிம்மதி. தொப்பியைக் கழற்றி மாட்டிவிட்டு, “கவலப்படாத. உன் தம்பி பேர எப்படிக் காப்பாத்திக் குடுத்திருக்கேன் தெரியுமா?” என்றார்.

“என்ன சொன்னீங்க?”

“நடந்தத அப்படியே சொன்னேன். நான் கேட்டேன், அவன் கதவத் திறந்து வெளிய போன்னுட்டான், மறுநாள் கோலும் அடிச்சான்னேன். தங்கமான பையன்னேன்.”

“அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?”

“எழுதிக்கிட்டாங்க.”

ஃபாக்டரித் தொழிற்சங்கத்து வக்கீலிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “அம்மா, விலை பேச வந்தவன காட்டிக் குடுக்காம விட்டாலே குத்தம். கேட்டப்ப இல்லைன்னு கையெழுத்து வேற போட்டுட்டாரே” என்றார்.

எர்மெஸ், எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் நான் இவரைத் தண்டவாளத்தில் படுத்தாவது தடுத்திருப்பேன். இவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. திட்டவும் முடியவில்லை.

அந்த ஏ பிரிவுக் கிளப் இதைக் கேள்விப்படாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். எனக்கு வேண்டிக்கொள்ளத் தகுதி உண்டா என்று தெரியவில்லை.

நீவெஸ்

*

மொந்தேரெனோ, 30 செப்டம்பர் 1980

நீவெஸ்,

உன் ஊர்ப் பேப்பரில் மூன்று வரி வந்திருக்கும். மிச்சத்தை நான் சொல்கிறேன்.

நீளமான மேசை. ஐந்து பேர். நடுவில் இருந்தவர் என்னைப் பார்க்காமல் தாளைப் பார்த்தே கேட்டார்.

“டஸ்ஸினாரி, ஆட்டத்த விட்டுக் குடுக்கச் சொல்லி உங்ககிட்டக் கேட்டாங்களா இல்லையா?”

“கேட்டாங்க.”

“ஏப்ரல்ல ஏன் இல்லைன்னீங்க?”

“கேட்டது என் அக்கா புருஷன், ஐயா.”

“அவர் உங்களுக்கு யாருன்னு நாங்க கேக்கல.”

“நான் கோல் அடிச்சேன் ஐயா. விட்டுக் குடுக்கல. அடிச்சேன்.”

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். “அதுக்குத்தான் உங்களுக்குச் சம்பளம் குடுத்தாங்க” என்றார்.

எனக்கு இரண்டு வருடத் தடை. உண்மை பேசியதால் உன் புருஷனுக்கு ஆறு மாதம்தான். ஜிலார்தோனிக்கு ஒன்றும் இல்லை. “நான் யாரையும் அனுப்பல, அந்த ஆள் விசுவாசத்துல தானாப் போயிருப்பான்” என்றார். ஆதாரம் போதவில்லையாம். வெளியே வராந்தாவில் என் தோளைத் தட்டி, “நல்ல கோல் அது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏ பிரிவுக் கிளப்பிலிருந்து கடிதம்கூட வரவில்லை. போன் செய்தேன். போனை எடுத்த பெண் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து, சார் ஊரில் இல்லை என்றாள். பின்னால் சார் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

தடை முடியும்போது முப்பத்தொன்று நெருங்கியிருக்கும். மினரல் வாட்டர் கம்பெனி ஒன்றில் லாரி ஓட்டுகிறேன். பெட்டிகளை இறக்கும்போது ஹோட்டல்காரர்கள் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். “நீ வித்தவனா, வாங்கினவனா?” என்று கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. இப்போது பதில் சொல்வதை விட்டுவிட்டேன்.

நல்லவனாக இருக்க எனக்கு வசதி இருந்தது என்று எழுதினாயே. வந்து பார் அந்த வசதியை.

எனக்கு எழுதாதே.

எர்மெஸ்

*

சல்வாரோ, 22 ஆகஸ்ட் 1982

தம்பி,

எழுதாதே என்றாய், இத்தனை நாள் எழுதவில்லை. போன மாதம் நாடு உலகக் கோப்பையை ஜெயித்தபோது தெரு முழுக்கக் கார் ஹாரன். அப்பா ஜன்னலைச் சாத்திவிட்டு, “அவன் லாரியில ஹாரன் அடிச்சிருப்பானா?” என்று கேட்டார். அதற்காகத்தான் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

ஜிலார்தோனி ஃபாக்டரியை மூடிவிட்டார். கிளப் விழுந்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மெஷின்களை வெளிநாட்டுக்கு விற்க அவர் ஒப்பந்தம் போட்டது அந்த ஆட்டத்துக்கு முந்தின குளிர்காலத்தில். நீ கோல் அடித்திருந்தாலும் அடிக்காவிட்டாலும் என் வேலை போயிருக்கும். இப்போது வீட்டிலேயே உட்கார்ந்து செருப்பு மேல்தோல் தைத்துக் கொடுக்கிறேன்.

கிளப்பும் கைமாறிவிட்டது. இன்னும் ஒரு படி இறங்கி சி-இரண்டில் இருக்கிறது. உன் தடை முடியப்போகிறது என்று அவர்களுக்குத் தெரியும். புதுத் தலைவர் வீட்டுக்கே வந்தார். “ஊர்ப்பையன், ஊருக்கே வந்துடட்டும்” என்றார். உன் படம் பாரில் திரும்பத் தொங்குகிறது. பார்க்காரர் வருகிறவனுக்கெல்லாம் உன்னைக் காட்டி, “ரெண்டு வருஷம் உக்கார வெச்சாங்க, வாயத் திறந்தானா பாரு. நம்ம ஊர் ரத்தம்” என்கிறார்.

வருகிறாயா? எனக்காக வராதே. அப்பா கேட்டார்.

நீவெஸ்

*

பியெவெத்தா, 10 செப்டம்பர் 1982

அக்கா,

வரமாட்டேன். மேலே இருக்கும் ஊரைப் பார். இங்கே கையெழுத்துப் போட்டுவிட்டேன். வயல் நடுவில் ஒரு மைதானம், ஆட்டத்துக்கு வருகிறவர்களைவிடப் பக்கத்துப் பண்ணையில் மாடு அதிகம். இவர்களும் உங்கள் பிரிவுதான். வசந்தத்தில் அங்கே வந்து ஆடுவோம்.

கோல் அடித்ததற்காக ஊர் என்னை வெறுத்தது. அது எனக்குப் புரிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்ததற்காகக் கொண்டாடுகிறார்கள் என்றால் எனக்கு வாந்தி வருகிறது. நான் வாயை மூடியது ஊருக்காக இல்லை. உனக்காக. உன் வீட்டுக்காரர் சமையலறையில் முகம் தொங்கி உட்கார்ந்திருப்பதை நீ பார்க்க வேண்டாம் என்பதற்காக. அதையும் அவரே கெடுத்தார்.

அப்பாவிடம் சொல், ஹாரன் அடிக்கவில்லை. லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு, எல்லாரும் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

எர்மெஸ்

*

சல்வாரோ, 15 மார்ச் 1983

அன்புள்ள தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நான் ஸ்டேடியத்தில் இருந்தேன். உனக்குத் தெரியாது. ஒரெஸ்தேவோடு உட்காராமல் தனியாக, கம்பி வேலி ஓரமாக நின்றேன். முதலில் உன்னை அடையாளமே தெரியவில்லை. நடையைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

யாரும் கோல் அடிக்காமல் ஆட்டம் முடியப்போகிறது. நம் கோல்கீப்பர் பந்தைப் பிடிக்க வெளியே வந்து தடுக்கி விழுந்தான். பந்து உருண்டு உன் முன்னால் வந்தது. முன்னே யாரும் இல்லை, வெறும் வலை. நீ காலை வீசினாய். பந்து கம்பத்துக்கு வெளியே போனது.

பிறகு எல்லாரும் எழுந்தார்கள். கை தட்டினார்கள் எர்மெஸ். உன் பெயரைச் சொல்லிப் பாடினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவன் கண் கலங்கி, “கடைசில ஊரு பக்கம் வந்துட்டான்யா” என்றான்.

நான் உன் முகத்தைப் பார்த்தேன். ஜெர்சிக் கழுத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாய். சின்ன வயதில் மிதிவண்டி ஓட்டத் தெரியாமல் விழும்போதெல்லாம் சட்டையை அப்படித்தான் கடிப்பாய்.

பாரில் ஒயின் பாட்டில்களைத் திறந்துவிட்டார்கள். ஒரெஸ்தே நடுவில் நின்றார். “அன்னிக்கு நான் கேட்டத இன்னிக்குக் குடுத்துட்டான். லேட்டாக் குடுத்தாலும் குடுத்துட்டான்” என்று ஒவ்வொருவனாகக் கட்டிப்பிடித்தார். நான் உள்ளே போனேன். அந்த பாருக்குள் பெண்கள் போய் நின்று பேசுவதில்லை. பேசினேன்.

“அவன் விட்டுக் குடுக்கல. அடிக்கத்தான் பாத்தான். அவனால முடியல” என்றேன்.

ஒரெஸ்தே, “நீவெஸ், சும்மா இரு” என்றார்.

“நீங்க சும்மா இருங்க. அவன் ஓட முடியாம ஓடினத நான் பாத்தேன். ரெண்டு வருஷம் தண்ணிப் பெட்டி தூக்கினவன் கால் அது. அந்தக் காலக் கெடுத்தது இந்த ஊரு, நீங்க, நானு. அவன் உங்களுக்கு ஒண்ணும் குடுக்கல. குடுத்தான்னு எவனாவது சொன்னா, என் தம்பி ஆட்டத்த வித்தவன்னு சொல்ற மாதிரி.”

பார்க்காரர் மெஷினைத் துடைத்துக்கொண்டே, “வீட்டுக்குப் போம்மா” என்றார். அன்றிலிருந்து கறிக்கடையில் மறுபடி என்னைக் காக்க வைக்கிறார்கள். ஒரெஸ்தே என்னோடு பேசுவதில்லை, அது ஒன்றும் பெரிதில்லை.

அப்பாவிடம் சொன்னேன். “நல்லா ஓடினானா?” என்றார். “இல்லப்பா” என்றேன்.

நான் சொன்னது சரிதானே? எனக்கு நீ எழுத வேண்டும். உன்னைப் பார்க்க வரலாமா என்றும் எழுத வேண்டும்.

அக்கா

*

பியெவெத்தா, 22 மார்ச் 1983

அக்கா,

அடிக்கத்தான் போனேன். என் வாழ்க்கையில் வேறு எந்த கோலையும் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை. அந்த வலையைக் கிழித்துவிட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு உங்கள் பக்கமாக ஓட வேண்டும் என்று குளிர்காலம் முழுக்க நினைத்திருந்தேன். காலுக்கு நான் சொன்னது போய்ச் சேருவதற்குள் பந்து கடந்துவிட்டது. அவ்வளவுதான்.

அந்த மைதானத்தில் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அதைத் தாங்கினேன். கைதட்டலைத் தாங்க முடியவில்லை. விசில் ஊதிய பிறகு உங்கள் கேப்டன், மீசை முளைக்காத பயல், வந்து கையைப் பிடித்து, “ரொம்ப நன்றிண்ணே” என்றான். “டேய், நான் அடிக்கத்தான்டா பாத்தேன்” என்றேன். “தெரியும்ணே, தெரியும்” என்று கண் சிமிட்டினான். எங்கள் டிரஸ்ஸிங் ரூமில் என்னோடு ஒருவனும் பேசவில்லை. விற்றுவிட்டேன் என்று நினைக்கிறார்கள். கோச் மட்டும், “எவ்வளவு குடுத்தாங்க?” என்று கேட்டார். பூட்ஸை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். இனி ஆடமாட்டேன்.

தண்ணீர் லாரி வேலையைத் திரும்பக் கேட்டிருக்கிறேன், தருவார்கள்.

நீ பாரில் சொன்னதை யாரும் நம்பமாட்டார்கள். இருந்தாலும் சொன்னாயே.

வா. வழியில் ரயில் மாற வேண்டும், ஸ்டேஷனுக்கு நான் வந்து நிற்கிறேன். அப்பாவால் முடிந்தால் அவரையும் கூட்டி வா. அத்தான்மேல் கோபமில்லை என்று எழுதப் பார்த்தேன். கை எழுதவில்லை. அவரை அழைத்து வராதே.

எர்மெஸ்